தேர்க்கட்டைக்கு இருபத்தெட்டு மார்க்

அக்கா,

அன்றைக்கு உன் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கூடத்து மூலையில் பாக்கு இடித்துக்கொண்டு உன் மாமியார் ரங்கம்மா. தாமலிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்த உன் அண்ணன் மாணிக்கம். நடுவில் கோரைப்பாயின் மேல் பத்திரிகைக்காரன் சுந்தரேசன். அவனுக்கு அட்டைகளை எடுத்துக் கொடுப்பதற்காக நான், பக்கத்து வீட்டுச் செல்வி. அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நீ. அவ்வளவுதான். பின்னாளில் நம் தெருவில் எத்தனையோ பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தரும் இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நீ போய் இன்றோடு பதினாறு நாள். காரியத்துக்கு வந்தேன். அழவில்லை. அங்கே அழுவதற்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுதுவது எனக்குக் கை நோகும் வேலை. ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பேத்தி நித்யா முந்தாநாள் சொன்ன ஒரு வார்த்தை.

அவள் வேலையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். டி.வி.க்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஓர் ஆட்டத்தைப் போட்டு, பொத்தான் வைத்த பிடி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள். ஆடி முடித்து, அந்த ஆட்டம் எப்படி என்று எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறாள். அதற்குச் சம்பளம் வருகிறது. கடைக்கு வருவதற்கு முன்னாலேயே இவளுக்கு ஆட்டம் வந்துவிடும். குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. இவளைப் போல உலகம் முழுக்கப் பலர் போடுகிற மார்க்கையெல்லாம் சேர்த்து ஒரு சராசரி எடுப்பார்களாம். அது இறங்கிப்போனால் அந்த ஆட்டத்தைக் கட்டியவர்கள் பாடு திண்டாட்டமாம்.

முந்தாநாள் மத்தியானம் திரையில் ஒரு கதவுக்கு முன்னால் அவள் ஆட்டுவிக்கிற பொம்மை ஆள் நின்று முட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடி, அந்தக் கதவையே முட்டிக்கினு இருக்கிற?"

"தொறக்க மாட்டேங்குது ஆயா. கேம்ல பக். மூணு வாட்டி மொதல்லேருந்து ஆடிட்டேன்."

"அப்போ இன்னா பண்ணுவ?"

"ஆறு குடுப்பேன். கதவு தொறந்திருந்தா ஒன்பது. அவ்ளோ சூப்பரா இருக்குது."

"நாளைக்கு அவன் கதவ சரி பண்ணிட்டான்னா?"

"பண்ணிடுவான். ஒரு வாரத்துல பேட்ச் அனுப்புவான்."

"அப்போ மார்க்க மாத்துவியா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க சைட்ல மாத்த மாட்டாங்க ஆயா. நான் ஆடும்போது எப்பிடி இருந்துச்சோ, அதுக்குத்தான் மார்க்."

அக்கா, இந்த வாக்கியத்தை, ஒரு சொல்கூட மாறாமல், எனக்குப் பதினெட்டு வயது நடந்தபோது ஓர் அச்சாபீஸில் நின்றுகொண்டு கேட்டேன். முந்தாநாள் சாயங்காலம் நித்யாவுக்குக் காபி போடவில்லை. அவளுக்கு ஏன் என்று புரியவுமில்லை.

நீ தாமலிலிருந்து நம் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தபோது உன் பேச்சில் ஏரிக்கரையும் நெல்லும்தான் இருந்தன. தறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று என்னிடம்தான் சொன்னாய். உன் வீட்டுக்காரருக்கு அட்டையில் துளை போடும் வேலை. புடவைக் கரையில் மயிலோ யாளியோ வர வேண்டுமென்றால் எந்த இழை ஏற வேண்டும், எந்த இழை இறங்க வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டுமே. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு அதைச் சொல்வது அட்டையில் இருக்கும் துளைகள். கட்டம் போட்ட தாளில் வரைந்த மயிலைப் பார்த்து, துளை துளையாக அட்டையில் இறக்குவார் அவர். ஆறே மாதத்தில் அவரைவிட வேகமாக நீ இறக்கினாய். அவர் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷன். மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டார்.

உனக்கு அப்போது இருபத்தாறு. வேலை கொடுத்துக்கொண்டிருந்த மாஸ்டர் துக்கம் கேட்க வந்தார், போகும்போது கட்டத்தாள்களை எடுத்துக்கொண்டு போனார். "பொம்பள அட்ட அடிச்சா எந்தத் தறிக்காரன்மா வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இத்தனை நாள் வாங்கியதெல்லாம் நீ அடித்தவைதான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். சுத்தியலையும் துளைக்கோலையும் மட்டும் நீ விடவில்லை.

உன் அண்ணன் கெட்டவர் இல்லை. இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு மாடு, சீக்காளிப் பெண்டாட்டி. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள்வாய். "ஆடியில கூட்டிக்கினு போகக் கூடாது. ஆனி முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இங்க உக்காந்துக்கினு எத்தினி நாளு சாப்புடுவ?" என்று வைகாசியிலேயே கெடு வைத்துவிட்டார். நீயோ இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொன்னாய். "அங்க போனா நான் எல்லாருக்கும் அத்த. இங்க இருந்தா நான் நானு" என்றாய். அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த வைகாசித் தேரன்றைக்குத்தான் ஓர் ஆட்டத்தின் யோசனை உன் தலையில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் சாமியைப் பார்த்தோம். நீ சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஆயிரம் பேர் வடம் இழுக்க, அந்த ஒரு ஆள் குனிந்து கட்டையைச் செருகினால் தேர் திரும்பியது. செருகாவிட்டால் நேரே போய் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்திருக்கும். "அவரு கட்ட போடலைன்னா சாமி வூட்டுக்கே வராது செல்வி" என்றாய். வீட்டுக்கு வந்து, கழித்துப்போட்ட அட்டைகளைத் தேட ஆரம்பித்தாய்.

இப்படித்தான் உன் ஆட்டம் பிறந்தது. ஒரு மரப்பெட்டி. அதன் மேல்பலகையில் வரிசை வரிசையாகக் குழி. வலக்கைப் பக்கத்து மூலைக் குழியைச் சுற்றி மட்டும் செம்மண்ணால் வட்டம். அதுதான் தேர் வந்து சேர வேண்டிய நிலை. நான்கு அட்டையை ஒன்றாகக் கோத்துப் பலகையின் மேல் விரித்தால், துளை இருக்கும் இடம் தெரு, துளை இல்லாத இடம் சுவர். ஒரு மூங்கில் குச்சி தேர், மூன்று குட்டைக் குச்சிகள் கட்டை. தேரை இழுத்தால் நடுவில் நிற்காது, தெரு முடிகிற வரைக்கும் ஓடும். நிறுத்தவோ திருப்பவோ வேண்டுமானால் முன்கூட்டியே கட்டையைப் போட்டு வைத்திருக்க வேண்டும். அட்டையை மாற்றினால் ஊரே மாறிவிடும். அதே பெட்டி, அதே குச்சி, வேறு ஆட்டம். இருபது களம் செய்தாய். நான்கு சேர்ந்த ஒரு களத்தையும் நாம் அட்டை என்றே சொன்னோம். முதலாவது குழந்தைகூட ஆடிவிடும், இருபதாவது எனக்கு இன்னும் வராது. 'தேர்க்கட்டை' என்று பெயர் வைத்தாய். இதை நித்யாவிடம் சொன்னபோது, "ஆயா, இது கன்சோல்தான்! பெட்டி ஒண்ணு, கேம் வேற வேற" என்று எழுந்து உட்கார்ந்தாள். அதைக் கேட்க நீ இல்லை.

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வந்த பொம்மைக் கடைக்காரர் ஒருவர் உன் வீட்டு வாசலில் நாம் ஆடுவதைப் பார்த்தார். இரண்டு ஆட்டம் ஆடினார். பஸ்ஸை விட்டார். போகும்போது உன்னிடம் சொன்னார், "எனக்குப் பிடிச்சிருக்கும்மா. பார்ட்னர்கிட்ட காட்ட அச்சுல ஒரு எழுத்து வேணும். உங்க ஊர்ல ஒருத்தர் எல்லாத்துக்கும் மார்க் போடுறாராமே, அவர் பாஸ் போட்டா மாசா மாசம் பெட்டி செஞ்சு குடுங்க." மாசா மாசம் என்றால், ஆனி முடிந்தும் நீ இந்த ஊரில் இருக்கலாம் என்று அர்த்தம். நீ அன்று ராத்திரி சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டாய்.

சுந்தரேசனைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். மாதம் ஒரு தடவை நாலு பக்கத்தில் ஒரு தாள் அச்சடிப்பான். டூரிங் டாக்கீஸ் படம், பொருட்காட்சி ராட்டினம், ஓட்டல் இட்லி, நாடகம், கேரம் போட்டி, எல்லாவற்றுக்கும் மார்க். பள்ளிக்கூடம் மாதிரி நூற்றுக்கு. முப்பத்தைந்து வந்தால் பாஸ். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது. புதுமை, உழைப்பு, அழகு, கொடுத்த காசுக்குத் தகுமா என்பவை நான்கு. ஐந்தாவதாக, படமென்றால் மறுபடி பார்க்கத் தோன்றுமா, இட்லியென்றால் மறுபடி தின்னத் தோன்றுமா. 'மார்க்கு சுந்தரேசன்' என்றுதான் அவனுக்குப் பெயர். முப்பத்தொன்று வாங்கிய ஓட்டலில் அந்த மாதம் ஈ ஓட்டினார்கள். யார் வீட்டிலும் ஓசிக் காபி குடிக்க மாட்டான், சினிமாவுக்குச் சொந்தக் காசில் டிக்கெட் எடுப்பான். அவனை விலைக்கு வாங்க முடியாது என்று ஊரே சொன்னது. உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சட்டம் போட்டான். "ஆட்டம் கட்டினவங்க என் கண்ணுல படக் கூடாது. கட்டினவங்க மூஞ்சப் பாத்தா மார்க்குல இரக்கம் கலந்துடும்." நீ அடுப்பங்கரைக்குள் போனாய். என்னைப் பார்த்து, "நீ அட்ட எடுத்துக் குடும்மா. ஆனா வாயத் தொறந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றான். உன் மாமியார் கொடுத்த மோரைக்கூட வாங்கவில்லை.

முதல் ஐந்து அட்டையும் நன்றாகத்தான் போயிற்று. நான்காவதில் அவன் நெற்றியைச் சொறிந்துகொண்டே சிரித்தான். உன் அண்ணன் மெல்ல நகர்ந்து வந்து பாயோரத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பக்கம் இஸ்த்தா சொவுத்துல முட்டிக்கும் சார்" என்றார். "நீங்களும் பேசக் கூடாதுங்க" என்றான் அவன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் அப்படி ஒரு குழந்தை மாதிரி உட்கார்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு ஆறாவது.

ஆறாவதில் நின்றான். அரை மணி, ஒரு மணி. தேரை நிலைக்கு ஒரு குழி தள்ளிக் கொண்டுவந்துவிடுவான், அதற்கப்புறம் துளை இல்லை. மறுபடி முதலிலிருந்து. வியர்வை சொட்டியது. ரங்கம்மா பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இன்னாப்பா, தேரு முட்டிக்கிச்சா? எங்க வூட்டுத் தேரும் இப்பிடித்தான், பாதித் தெருவுல நின்னுடுச்சு." செத்துப்போன பிள்ளையைப் பெற்றவள் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. அடுப்பங்கரையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

மூன்று மணி நேரம் இருந்தான். கடைசியில் நோட்டை மூடினான். மீதிப் பதினான்கு அட்டைகள் என் மடியில் இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்காமல். கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். நீ வெளியே வந்து, "ஆறாவது கஷ்டம்தான். ஆனா வழி இருக்குதே" என்று மட்டும் சொன்னாய். உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நீ குளத்துக்குப் போயிருந்தபோது எனக்கு மனம் கேட்காமல் உன் வீட்டில் பெட்டியை எடுத்து ஆறாவதை விரித்தேன். எனக்கு மனப்பாடமான தெரு அது. வரவில்லை. உற்றுப் பார்த்தேன். அட்டையில் நீ மையால் எழுதிய எண்களைக் காணோம். கையில் எடுத்துத் திருப்பினேன். எண் அடியில் இருந்தது. அட்டை குப்புறக் கிடந்திருக்கிறது. குப்புறப் போட்டால் வலது இடமாகிவிடும், தேர் எத்தனை ஜன்மம் ஓடினாலும் நிலைக்கு வராது.

யார் செய்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அட்டையின் கயிறு அறுந்திருந்தது. நீ தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். உனக்கு உதவுவதாக நினைத்து நான்தான் கோத்தேன். எங்கள் வீட்டுத் தறியில் எண் எழுதிய பக்கம் உள்ளே போகும்படிதான் அப்பா கோப்பார். எங்கள் வீட்டில் புடவையே குப்புறத்தானே நெய்வது. நாங்கள் பார்ப்பது எப்போதும் பின்பக்கத்தை. என் விரலுக்குத் தெரிந்ததை என் விரல் செய்துவிட்டது.

உன்னிடம் வராமல் பெட்டியைத் தாவணிக்குள் இடுக்கிக்கொண்டு அச்சாபீஸுக்கு ஓடினேன். நான் குப்புறக் கோத்தது வரைக்கும்தான் உனக்குத் தெரியும். இதற்கு மேல் நடந்ததை உனக்குச் சொல்லவே இல்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான்.

எழுத்துகளைக் கோத்து முடித்திருந்தார்கள். ஆனால் அச்சு இன்னும் ஓடவில்லை. ஈய எழுத்துகள் சட்டத்துக்குள் இறுக்கி மேஜை மேல் கிடந்தன. சுந்தரேசன் கையெல்லாம் மை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"குப்புறவா?" என்றான்.

"தப்பு என்னுதுண்ணா. அக்காது இல்ல. நீங்களே பாருங்க, இப்போ நேரா போட்டிருக்குது. ஒரே வாட்டி."

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். அக்கா, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தடவை தவறவிட்டான். மூன்றாவது தடவை, தேரை நிலைப் பக்கம் இழுக்காமல், எதிர்ப்பக்கம் கடைசி வரை ஓடவிட்டு, அங்கே ஒரு கட்டையைப் போட்டுத் திருப்பினான். நீ ஒளித்து வைத்த வழி அதுதான். தேர் மூன்று தெரு சுற்றிக்கொண்டு வந்து செம்மண் வட்டத்துக்குள் இறங்கியது.

"அட!" என்றான். "பின்னாடி இழுக்கணுமா! அட!"

அந்த மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது வயது மனுஷன், மூக்கில் மை, ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிப் பல்லெல்லாம் தெரிய. "ஏழாவதக் குடு" என்றான். கொடுத்தேன். எட்டாவதும் கேட்டான். எழுத்துக் கோக்கிறவர் சாப்பிடக் கூப்பிட்டார், இவன் காதில் விழவில்லை. ஒன்பதாவது முடித்தபோது கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உனக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று கால் பரபரத்தது.

"அப்போ மார்க்க மாத்திடுவீங்களாண்ணா?"

அவன் முகம் மெல்லப் பழைய முகமாக ஆனது. பெட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

"எதுக்கும்மா மாத்தணும்? நான் ஆடும்போது எப்பிடி இருந்துச்சோ, அதுக்குத்தான் மார்க்."

"இப்பவும் நீங்கதானே ஆடுனீங்க?"

"இது வேற. நாளைக்குக் கடையில வாங்குறவன் கையிலயும் கயிறு அறுந்தா, அவன் எங்க ஓடுவான்? நீ அழுதுக்கினு வந்து நின்னேன்னு மாத்தினா, நாளைக்கு டாக்கீஸ்காரன் வந்து அழுவான். ஓட்டல்காரன் அழுவான். அப்புறம் என் மார்க்க எவன் நம்புவான்?"

"நான் அழலியே. ஆடிக்காட்டுனேன்."

அவன் துணியை எடுத்து மறுபடி கையைத் துடைத்தான்.

"மார்க் இருக்கட்டும்ணா. கீழ ஒரு வரி போடுங்க. செல்வின்னு ஒரு முட்டாப் பொண்ணு அட்டையக் குப்புறக் கோத்துட்டா, சரியாப் போட்டா வழி இருக்குதுன்னு. என் பேரையே போடுங்க."

"இடம் இல்லம்மா. சட்டம் இறுக்கியாச்சு. வூட்டுக்குப் போ."

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. உனக்கு எழுத்துக் கூட்டிப் படித்தது நான்தான். 'முதல் ஐந்து களங்கள் சுவையானவை. ஆறாவதில் வழியே இல்லை. கட்டியவருக்கே வழி தெரியாத ஊரில் நாம் எப்படித் தேர் இழுப்பது?' மொத்தம் இருபத்தெட்டு. மறுபடி ஆடத் தோன்றுமா என்ற இடத்தில் இருபதுக்குப் பூஜ்யம். நீ, தாளை வாங்கி மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாய். சென்னைக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது, பார்ட்னருக்கு விருப்பமில்லை என்று.

ஆனி கடைசி நாளில் உன் அண்ணன் வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் நிலையத்தில் அவர் டிக்கெட்டுக்கு நின்றபோது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஆறாவத நான்தான் குப்புறக் கோத்தேன்" என்றேன். நீ திகைக்கவில்லை.

"தெரியும். ஞாயித்துக்கெழம ராத்திரியே பாத்தேன். முடிச்சு உங்க வூட்டு முடிச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உங்கப்பா உன்ன உரிச்சிருப்பாரு. போவட்டும் விடு. அவரு மூணு மணி நேரம் ஒக்காந்தாரே, மோருகூட வாங்காம. அவரு வேலைய அவரு ஒழுங்காத்தான் பண்ணாரு."

ஒழுங்காகவா? அச்சாபீஸில் நடந்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது நீ கேட்டாய், கண்டக்டர் விசில் ஊதிவிட்டான், ஒரு கால் படியில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "செல்வி, நேரா இருந்திருந்தா அவருக்குப் புடிச்சிருக்குமா?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்கிறேன். அவன் சிரித்தான், 'அட' என்றான், ஒன்பதாவது வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை என்று நான் சொல்லியிருந்தால், உன் முகம் மலர்ந்திருக்கும். அடுத்த நிமிஷமே அவனை மன்னித்திருப்பாய். "பாவம், அவரு நிலைமை" என்று சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அவனை நீ மன்னித்துவிடுவதை என்னால் தாங்கியிருக்க முடியாது. அவன் மேல் கோபப்பட நீயும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ கோபப்படவும் இல்லை, உனக்கு அந்தச் சந்தோஷமும் கிடைக்கவில்லை. இரண்டும் இல்லாமல் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

தாமலுக்கு எத்தனையோ தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் உன்னைச் சுற்றி யாராவது 'அத்த, அத்த' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தியலால் நீ கொட்டாங்கச்சி உடைத்துக்கொண்டிருந்தாய். தேர்க்கட்டைப் பலகையை உன் அண்ணன் கோழிக்கூண்டுக்குக் கதவாக அடித்திருந்தார். குழி குழியாக இருப்பதால் காற்று நன்றாக வருகிறது என்று எனக்கு விளக்கம் வேறு. அவரோடு பத்து வருஷம் பேசவில்லை. பல் விழுந்த காலத்தில் நீ ஒரு தடவை, நாம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, விளையாட்டாக மறுபடி கேட்டாய்: "நேரா இருந்திருந்தா முப்பத்தஞ்சாவது போட்டிருப்பானா அந்த ஆளு?" அப்போது அவன் செத்தே போயிருந்தான். அப்போதும் நான், "யாருக்குத் தெரியும்" என்றேன். ஒரு தடவை சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே.

நேற்று ராத்திரி நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், "அந்த ஆளு சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்குது ஆயா. எல்லாரும் வந்து கேட்டா அவரு இன்னா பண்ணுவாரு?" என்றாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் அவளே வந்து காட்டினாள். ஆறுதான் போட்டிருக்கிறாள். மாற்றவில்லை, மாற்ற விடமாட்டார்களாம். ஆனால் கடைசியில் ஒரு வரி: 'இந்தக் கதவைத் திறக்கத் திருத்தம் வந்தால் மறுபடி ஆடிப் பார்த்து இங்கேயே எழுதுவேன்.' ஒரு வரிதான் அக்கா. காபி போட்டுக் கொடுத்தேன்.

இனி உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. அவனுக்குப் பிடித்திருந்தது. முப்பத்தைந்து என்ன, தொண்ணூறு போட்டிருப்பான். 'அட' என்றான், இரண்டு தடவை. அந்தச் சத்தம் இத்தனை வருஷமாக என் காதுக்குள் இருக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது, நான் வைத்துக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காததற்கு நீ என்னைத் திட்டு. வேண்டுமானால் அவனை மன்னித்தும் விடு, அது உன் குணம்.

நான் ரங்கம்மாவை மன்னித்தேன், பிள்ளையைப் பறிகொடுத்தவள். மாஸ்டரை மன்னித்தேன். உன் அண்ணனைக் கோழிக்கூண்டோடு சேர்த்து மன்னித்தேன். அட்டையைக் குப்புறக் கோத்த பதினெட்டு வயதுப் பெண்ணை மன்னித்தேன், அவள் விரலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றவள் கணக்கை நீ தீர்த்துக்கொள். ஒருவன் மட்டும் பாக்கி. அவன் பாடை நம் தெரு வழியாகப் போனபோது எல்லா வீட்டிலும் வாசலுக்கு வந்து நின்றார்கள். நான் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. தெரியாமல் தப்பாக மார்க் போட்டவனை மன்னித்திருப்பேன். ஒன்பது அட்டை ஆடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, மறுபடி ஆடத் தோன்றாது என்று அச்சடித்தவனை மாட்டேன்.

சுந்தரேசனை.